லேவியர் வயலுக்குப் போய்விட்டால் யார் போதிப்பது?

சபை மூப்பர்களுக்கும் பொறுப்பில் இருக்கிற எல்லாருக்கும்,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள். துர்உபதேசம் பரவுகிறது, ஜாக்கிரதையாக இருங்கள் என்று வாராவாரம் அறிவிக்கிறீர்கள். சரிதான். எபேசு மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்துப் பவுல் சொன்னதும் அதுதானே, ஓநாய்கள் வரும், உங்களுக்குள்ளிருந்தும் ஆட்கள் எழும்புவார்கள் என்று. ஆனால் அறிவிப்பு மட்டும் மந்தையைக் காக்காது ஐயா, உட்கார்ந்து வேதத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

நெகேமியா 13ஆம் அதிகாரத்தைத் தயவுசெய்து இன்னொருமுறை வாசியுங்கள். ஆலயத்தில் ஊழியம் செய்து ஜனங்களுக்கு வேதத்தைப் போதித்த லேவியருக்குரிய பங்குகளை வைத்திருந்த அதே பெரிய அறையைத்தான் ஆசாரியன் எலியாசிப் தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தான், தொபியா யாரென்றால் நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது அத்தனை இடைஞ்சல் செய்தவன்! லேவியருக்கோ பங்கு வரவில்லை, அவரவர் வயலைப் பார்த்துப் போய்விட்டார்கள். போதிக்கிறவனுக்கு வைத்த இடம் காலியானால் அங்கே யார் வந்து உட்காருவார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நெகேமியா லேவியரைத் திட்டவில்லை, தலைவர்களோடுதான் வழக்காடினார், தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார், அப்புறம் பங்கைப் பிரித்துக் கொடுக்க உண்மையுள்ளவர்கள் என்று பேர் எடுத்தவர்களை நியமித்தார்.

பவுல் கூடாரம் செய்துதானே பிழைத்தார் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் 1 கொரிந்தியர் 9இல், சுவிசேஷம் அறிவிக்கிறவனுக்கு அதனாலே பிழைக்க உரிமை உண்டு என்று முதலில் வாதாடிவிட்டு, பிறகுதான் தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுக்கிறார். இன்னொருவருடைய உரிமையை அவருக்காக நாம் விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் தியாகம் இல்லை.

எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியை பாடத்துக்கான தாள், வண்ணம் எல்லாம் சொந்தக் காசில்தான் வாங்குகிறார், வேலை முடிந்து வந்து இரவில்தான் பாடம் தயாரிக்கிறார், ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர் கேட்கமாட்டார் என்பதால்தான் நான் எழுதுகிறேன். பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்கு அவர் திணறினால் அந்தக் குற்றம் அவருடையதா, அவருக்கு ஒரு விளக்கவுரைகூட வாங்கிக் கொடுக்காத நம்முடையதா?

அடுத்த வருட வரவுசெலவில் போதனைக்கென்று ஒரு தனித் தொகை ஒதுக்குங்கள். புத்தகம், பயிற்சி, முழுநேரம் போதிக்கிறவருக்குக் குடும்பம் நடத்துகிற அளவுக்குச் சம்பளம். கட்டட நிதிக்குக் கேட்பதைப் போலவே இதற்கும் சபையார் முன் எழுந்து நின்று கேளுங்கள், முதல் காணிக்கை எங்கள் வீட்டிலிருந்து வரும்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
சபை விசுவாசி ஒருவர்