அலர்ட் எந்த சர்வரோடதுன்னு எங்கள தேட விடாதீங்க: மானிட்டரிங், சிஎம்டிபி டீம்களுக்கு ஒரு திறந்த மடல்

மானிட்டரிங் டூல்ஸ பாத்துக்கறவங்களுக்கும், சிஎம்டிபிய (நம்மகிட்ட இருக்கற சர்வர், ரவுட்டர் எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருக்கற டேட்டாபேஸ்) பாத்துக்கறவங்களுக்கும், இந்த ரெண்டு டீமுக்கும் மேல இருக்கற மேனேஜர்களுக்கும் வணக்கம். நைட் ஷிஃப்ட்ல கன்சோல் முன்னாடி உக்கார்ற எல்லார் சார்பாவும் இத எழுதறேன்.

அலர்ட் வரலன்னு நாங்க யாரும் சொல்லல, தேவைக்கு மேலயே வருது. வந்த அலர்ட் சரியான சிஐ-யோட, அதாவது சிஎம்டிபில அந்த மெஷினுக்கு இருக்கற ரெக்கார்டோட, சேரமாட்டேங்குது, அதுதான் எங்க பிரச்சனை.

சமீபத்துல ஒரு ராத்திரி நடந்தது உங்களுக்கே தெரியும். பேமெண்ட் டேட்டாபேஸ்ல டிஸ்க் ஃபுல் ஆகப்போகுதுன்னு அலர்ட் வந்துச்சு, ஆனா எந்த மெஷின்னு சொல்ற நோட் (node) ஃபீல்டுல இருந்தது வெறும் ஐபி மட்டும்தான். அந்த ஐபி முன்னாடி ஒரு டெஸ்ட் சர்வர்கிட்ட இருந்தது, சர்வர எடுத்தாச்சு, ஐபிய புது டேட்டாபேஸுக்கு குடுத்தாச்சு, சிஎம்டிபில மட்டும் பழைய ரெக்கார்டு அப்படியே நின்னுச்சு. அதனால அலர்ட் அந்த டெஸ்ட் சர்வர் மேல போய் உக்காந்துச்சு, பிரையாரிட்டி பி4-ன்னு, அதாவது அவசரமே இல்லன்னு விழுந்துச்சு, ராத்திரில யாருமே பாக்காத ஒரு க்யூவுக்கு டிக்கெட் போச்சு. விடியறதுக்குள்ள டேட்டாபேஸ் நின்னுபோச்சு. காலைல ரிவ்யூல கேட்ட மொத கேள்வி, எல்1 (அலர்ட்ட மொதல்ல பாக்கற எங்க டீம்) ஏன் கவனிக்கல? ஸ்கிரீன்ல டெஸ்ட் சர்வர் பேரும் பி4-ம் இருக்கும்போது ட்யூட்டில இருந்த பையன் வேற எத பாத்திருக்க முடியும்? இது ரொம்ப அநியாயம்.

பிரையாரிட்டி, எந்த டீமுக்கு டிக்கெட் போகணும், இப்ப பேட்ச்சிங் நடக்குதா, அலர்ட்ட அமுக்கணுமா, எல்லாமே சிஐ-ய வச்சுத்தான் முடிவாகுது. அது தப்பாச்சுன்னா மத்த எல்லாமே தப்பு.

ஒரே மெஷினுக்கு நம்மகிட்ட எத்தனை பேர் இருக்குன்னு பாருங்க. ப்ரொமீதியஸ், ஸாபிக்ஸ்னு ரெண்டு மானிட்டரிங் டூல் இருக்கு. ப்ரொமீதியஸ்ல இன்ஸ்டன்ஸ் லேபிள் 10.20.4.17:9100-னு போர்ட்டோட வருது. ஸாபிக்ஸ்ல யாரோ கையால அடிச்ச விசிபிள் நேம். சிஎம்டிபில டிஸ்கவரி டூல் தானா தேடி எடுத்த ஷார்ட் நேம், சிலதுல மட்டும் டொமைனோட முழுப்பேர். நெட்வொர்க் பக்கம் இன்னும் மோசம், ரவுட்டர் ட்ராப் (அதுவே அனுப்பற அலர்ட் மெசேஜ்) அனுப்பும்போது எந்த இன்டர்ஃபேஸ் வழியா வெளிய போகுதோ அந்த ஐபிதான் சோர்ஸா வருது, சிஎம்டிபில இருக்கறது லூப்பேக் ஐபி (எந்த போர்ட்டையும் சாராம ரவுட்டருக்குன்னே வைக்கற ஐபி), ரூட் மாறுனா அதே ரவுட்டர் வேற ஆளா தெரியுது. சிஸ்கோ பாக்ஸ்ல ட்ராப் சோர்ஸ லூப்பேக்னு வைக்க ஒரே ஒரு வரி கான்ஃபிக் போதும், தயவுசெஞ்சு அத எல்லா ரவுட்டர்லயும் போடுங்க.

சர்வர்களுக்கு எங்க வேண்டுகோள் இதுதான். ஐபியயும் பேரயும் நம்பாதீங்க, மாறாத ஒரு ஐடிய எடுத்துக்கங்க. க்ளவுட்ல இன்ஸ்டன்ஸ் ஐடி இருக்கு, பிசிக்கல் பாக்ஸுக்கு சீரியல் நம்பர் இருக்கு. லினக்ஸ் மெஷின் ஐடிய எடுக்கறதா இருந்தா மட்டும் ஜாக்கிரதையா இருங்க, விஎம்ம க்ளோன் பண்ணிட்டு அத மாத்தாம விட்டா ரெண்டு மெஷினுக்கும் ஒரே ஐடி இருக்கும். அந்த ஐடிய ப்ரொமீதியஸ் எந்த மெஷின்லேர்ந்து டேட்டா எடுக்கணும்னு சொல்ற ஸ்க்ரேப் கான்ஃபிக்லயே ஒரு லேபிளா போட்டுட்டா அலர்ட் வரும்போதே அதுவும் கூட வந்துடும். குபர்நெட்டீஸ்ல (கன்டெய்னர்கள ஓட்டற சிஸ்டம்) பாட் (pod, கன்டெய்னர் ஓடற சின்ன யூனிட்) பேர வச்சு மேட்ச் பண்ணாதீங்க, அடுத்த டிப்ளாய்ல அந்த பாடே இருக்காது. க்ளஸ்டர், நேம்ஸ்பேஸ், டிப்ளாய்மென்ட் இந்த மூணையும் வச்சு சேருங்க.

சர்வர எடுக்கும்போது சிஎம்டிபிலயும் மானிட்டரிங்லயும் மூடுனாத்தான் அந்த சேஞ்ச் டிக்கெட்டயே க்ளோஸ் பண்ணணும்னு ரூல் வைங்க. ஐபிய திரும்ப குடுக்கறது அதுக்கப்புறம்தான்.

அலர்ட்ட தானா சேத்து மூலகாரணம் சொல்ற ஏஐ டூல் வாங்கப்போறதா பேச்சு அடிபடுது. வாங்குங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஸ்விட்ச் ஒண்ணு விழுந்ததாலதான் இத்தனை சர்வரும் கத்துதுன்னு அது சொல்லணும்னா எந்த சர்வர் எந்த ஸ்விட்ச்ல மாட்டியிருக்குன்னு அதுக்கு தெரிஞ்சிருக்கணும், அதுவும் இதே சிஎம்டிபிலேர்ந்துதான் வரணும்.

சிஐ-யோட சேராத அலர்ட் லிஸ்ட்ட ஒவ்வொரு வாரமும் நாங்களே எடுத்து அனுப்பறோம். ரெண்டு டீம்லேர்ந்தும் ஆளுக்கு ஒருத்தர நியமிச்சு அத உக்காந்து சரி பண்ணச் சொல்லுங்க, மொதல்ல பேமெண்ட் சர்வர்ஸ்லேர்ந்து.