புற ஊதா லூர் செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தூண்டில் பொருள் உற்பத்தியாளர்களே, கடைக்காரர்களே, வணக்கம்.

தூத்துக்குடிக் கரையில் பாரைக்கும் சீலாவுக்கும் லூர், அதாவது தூண்டிலில் கட்டும் போலி இரை, எறிபவன் நான். சென்ற ஆண்டு ஒரு கடையில், உறையில் ‘யுவி’ (புற ஊதா என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெரிதாக அச்சிட்ட லூர் ஒன்றைக் காட்டினார்கள். கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு ஊதா டார்ச்சை அடித்ததும் அதன் வயிற்றுப்புறம் எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சிட்டது; மீனுக்கு இப்படித்தான் தெரியும் என்றார். அதே அச்சில் வார்த்த சாதாரண லூரைவிட 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கி வந்தேன். அவர் சொன்னது சரியல்ல என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. உறையில் அவருக்கு உதவக்கூடிய விளக்கம் ஒரு வரிகூட இல்லை.

டார்ச் வெளிச்சத்தில் நாம் கண்டது புற ஊதா ஒளியே அல்ல. 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பூச்சு உறிஞ்சிக்கொண்டு, நாம் காணக்கூடிய மஞ்சளாகவோ பச்சையாகவோ திருப்பி விடுவதுதான் ஒளிர்வு. உண்மையாகவே புற ஊதாவை எதிரொளிக்கும் பூச்சு முற்றிலும் வேறு: எந்த டார்ச்சை அடித்தாலும் அது நமக்குச் சாதாரணமாகவே தெரியும், அந்த ஒளியை உணரும் கண்ணுடைய மீனுக்கு மட்டுமே வேறுபட்டுத் தெரியும். இந்த இரண்டையும், வெளிச்சம் காட்டிவிட்டால் இருட்டிலும் சிறிது நேரம் மினுங்கும் மூன்றாவது வகையையும் ஒரே பெயரில் விற்கிறீர்கள் என்பதே என் முறையீடு.

புற ஊதாவை உணரும் கண் எல்லா மீனுக்கும் வாய்த்ததல்ல. நீலகிரி நீர்நிலைகளில் நூறாண்டுக்கு மேலாக வளர்க்கப்படும் வானவில் டிரவுட் மீனின் குஞ்சுகளுக்குப் புற ஊதாவை உணரும் கூம்பு அணுக்கள் (நிறத்தை அறிய உதவும் கண் அணுக்கள்) உண்டு. நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்ன அவை உதவுகின்றன. மீன் வளர வளர அவை பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன, நாம் தூண்டிலிடுவதோ வளர்ந்த மீனுக்கு. சூரை, மயில்மீன் போன்ற வேட்டை மீன்களில் விழிவில்லையே அவ்வொளியைத் தடுத்துவிடுகிறது. உங்கள் உறைகளில் வாய் பிளந்து நிற்கும் அமெரிக்க லார்ஜ்மவுத் பாஸுக்கு உள்ளவை சிவப்புக்கும் பச்சைக்குமான இரண்டு வகைக் கூம்புகள் மட்டுமே. பெரும்பாலான கணவாய்களுக்கு கண்ணில் ஒளியை உணரும் பார்வை நிறமி ஒரே ஒரு வகைதான், அதனால் அவை நிறமே பிரித்தறியா.

நீரும் ஒரு தடை. தெளிந்த நடுக்கடலில் புற ஊதா பல மீட்டர் ஆழம் வரை இறங்கும். ஆற்று முகத்துவாரத்தின் கலங்கல் நீரிலோ மேல்மட்டத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

இதனால் உங்கள் பொருள் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆழத்தில் சிவப்பு ஒளி எட்டாததால் சாதாரணச் சிவப்பு லூர் கரும்பழுப்பாகிவிடும். ஒளிரும் ஆரஞ்சுப் பூச்சோ அங்கு எட்டும் நீல ஒளியை உறிஞ்சி ஆரஞ்சாகவே ஒளிரும். அந்த நன்மை மெய்யானது, புற ஊதா தெரியாத மீனும் அதைக் காணும். ஆகவே மீன் கடித்தால் அதற்குக் காரணம் ஒளிர்வாகவும் இருக்கலாம், லூரின் நீச்சலாகவும் இருக்கலாம், நாம் இழுத்த வேகமாகவும் இருக்கலாம். விலை கூடிய லூரையே ஒருவர் நாள் முழுக்க எறிந்துவிட்டு, ‘யுவியில்தான் மீன் ஏறியது’ என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மற்றதை அவர் நீரிலேயே இறக்கவில்லை.

ஆகவே பூச்சு ஒளிர்வதா, புற ஊதாவை எதிரொளிப்பதா, இருட்டில் மினுங்குவதா என்பதையும், எந்த மீனை எண்ணிச் செய்தீர்கள் என்பதையும் உறையின் மேல் தமிழில் அச்சிடுங்கள். ஊதா டார்ச்சைக் காட்டி விற்கும்போது, தெரிவது ஒளிர்வு என்று சொல்லியே விற்கும்படி கடைக்காரர்களை வேண்டுகிறேன். இன்னும் ஒன்று: ஒரே அச்சில், ஒரே எடையில், ஒரே நிறத்தில் பூச்சு உள்ளதும் இல்லாததுமாக இரண்டு லூர்களை ஒரே உறையில் தாருங்கள். இருபது எறிக்கு ஒருமுறை மாற்றிக் கட்டி, எதில் எத்தனை கடி என்று ஒரு பருவம் முழுவதும் குறித்துவைக்க எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தூத்துக்குடித் தூண்டில்காரன் ஒருவன்