துலிப் விழாவுக்குச் செல்லும் மிச்சிகன் தமிழ்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் நம் மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து நகருக்குச் சென்று துலிப் பாத்திகளையும் மரக்காலணி நடனத்தையும் காற்றாலையையும் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்கிறோம். ஆனால் துலிப் விழா தொடங்கியது 1929இல். 'டி ஸ்வான்' காற்றாலை நெதர்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்டுத் திறக்கப்பட்டது 1965இல். ஊர் தோன்றியதோ 1847இல். அந்தத் தொடக்க ஆண்டுகளைச் சொல்லாமல் பிள்ளைகளை அழைத்துச் சென்று வருவது போதாது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

நெதர்லாந்தின் சீர்திருத்தத் திருச்சபையிலிருந்து பிரிந்து, தனியே கூடி வழிபட்டதற்காக அபராதமும் சிறையும் கண்டவர்கள் ஆல்பர்ட்டஸ் வான் ரால்ட்டே என்ற போதகரும் அவரைச் சார்ந்தவர்களும். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கவே பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 1846இல் கப்பலேறி, விஸ்கான்சினை நோக்கிப் புறப்பட்டவர்களைக் குளிர்காலம் டெட்ராய்ட்டில் நிறுத்திவிட்டது. அடுத்த பிப்ரவரியில் அவர்கள் தேர்ந்துகொண்டது, அன்று பிளாக் ஏரி எனப்பட்ட மகடாவா ஏரியின் காட்டுக்கரை. முதல் ஆண்டிலேயே காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் பலர் மாண்டனர். ஏரியின் வாய் மணலால் தூர்ந்து, பெரிய படகுகள் மிச்சிகன் பேரேரியிலிருந்து உள்ளே வர முடியாமல் இருந்தது. அரசின் உதவிக்குக் காத்திருந்து பயனில்லை என்று கண்டு, 1850களில் ஊர்மக்களே மண்வெட்டியோடு இறங்கிக் கால்வாய் வெட்டினார்கள். இந்த உழைப்பைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அதைவிட முக்கியமாக அறிய வேண்டியது, அந்தக் கரை ஆளில்லாக் கரையாக இருக்கவில்லை என்பது. அமெரிக்க அரசுடனான 1836 ஒப்பந்தத்தில் பெருநிலப்பரப்பை விட்டுக்கொடுத்த ஒடாவா என்ற பூர்வகுடி மக்களில் வாக்கசூ தலைமையிலான குழுவினர், ஒப்பந்தப்படி கிடைத்த பணத்தைக் கொண்டே இப்பகுதியில் நிலம் வாங்கிக் குடியிருந்தார்கள். ஏரிக்கரையில் அவர்களுக்கு ஊரும் தேவாலயமும் இடுகாடும் இருந்தன. அவர்கள் பருவத்துக்கேற்ப இடம் மாறி வாழ்பவர்கள். மேப்பிள் சாறு பிடிப்பதற்காகக் காட்டில் வைத்துவிட்டுப் போன மரத்தொட்டிகளை, யாரோ கைவிட்டவை என்று எண்ணி வந்தேறிகள் எடுத்துக்கொண்டனர். அவர்களுடைய பன்றிகளும் மாடுகளும் ஒடாவா மக்களின் விளைச்சலை அழித்தன. அம்மை நோயும் பரவியது. 1849இல் அம்மக்கள் நிலத்தை விற்றுவிட்டு, போதகர் ஜார்ஜ் ஸ்மித்துடன் வடக்கே இன்றைய நார்த்போர்ட்டுக்குப் பெயர்ந்தார்கள். துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவர்களின் வருகையால், இரண்டே ஆண்டுகளில் இன்னொரு மக்கள் தம் முன்னோரின் இடுகாட்டை விட்டுப் போக நேர்ந்தது. நாமும் இந்த மண்ணுக்கு வந்து குடியேறியவர்கள்தாம் என்பதால், இதை நம் பிள்ளைகளிடம் மறைக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் விழாவுக்கு முந்தைய வாரம் ஒரு வகுப்பை இதற்கென ஒதுக்க வேண்டுகிறேன். பெற்றோர், சிவப்புக் கலங்கரை விளக்கம் நிற்கும் கால்வாய்க் கரைக்கும், 1871 பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்தபோதும் தப்பிய 1856ஆம் ஆண்டுத் தூண் தேவாலயத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஒடாவா மக்களின் கதையை அங்கேயே சொல்லுங்கள். காற்றாலையை அதன் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
மிச்சிகன் வாழ் தமிழ்ப் பெற்றோர் ஒருவர்