யார் வருகிறார் என்பது இருக்கட்டும், யார் போகிறார் என்று போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இருபது வருடமாக உங்கள் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிக்கிறவன் நான். விளையாட்டுச் செய்தி முடிந்துதான் அரசியல், சினிமா எல்லாம். அந்த உரிமையில் ஒரு சண்டை போட வந்திருக்கிறேன்.

கால்பந்து சீசன் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வரும் அந்த இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறேன். மாட்ரிட்டுக்கு யார் போகிறார், மான்செஸ்டர் யாரை விற்கிறது என்று அரைப் பக்கம் வருகிறது. கீழே மூலையில், நகைக்கடை விளம்பரத்தை ஒட்டி, நம்ம ஊர் கால்பந்து டீம் சென்னையின் எஃப்சி பற்றி ஆறு வரி. அந்த ஆறு வரியும் கிளப்பிலிருந்து வந்த செய்திக்குறிப்பு என்பது படித்தாலே தெரிகிறது. புதிதாக வந்தவர் பெயர், அவர் முன்னால் ஆடிய டீம், "இங்கே வந்ததில் மகிழ்ச்சி" என்று அவர் சொன்னது, கூடவே "பல ஆண்டு ஒப்பந்தம்" என்று ஒரு சொல். பல ஆண்டு என்றால் எத்தனை ஆண்டு சார்? இரண்டா, நாலா? கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் போடாமல் "காலையில் வாருங்கள்" என்று அடித்தால் ஒத்துக்கொள்வீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால் அதற்கு ஒரு ஜெர்சி காரணம். 2022-23 சீசனில் என் மகளுக்கு நீல ஜெர்சி ஒன்று வாங்கி, பெரியமேட்டில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கடையில் முதுகில் அனிருத் தாபா பெயரைப் போடச் சொன்னேன். எழுத்துக்கு இவ்வளவு என்று காசு, ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, செலவும் கம்மி. கடைக்காரர் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து ஸ்கேல் வைத்து நேர்பார்த்து அடுக்கி, மேலே ஒரு தாளைப் போட்டு, மெஷினை இறக்கி அமுக்கினார். டேராடூன் பையன், 2016-இல் பதினெட்டு வயதில் இங்கே வந்தவர், கேப்டன் வரை வளர்ந்தவர், நம்ம ஊர்ப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார், இவர் எங்கே போகப்போகிறார் என்று நினைத்தேன். 2023 ஜூனில் கொல்கத்தா டீமான மோகன் பகானுக்குப் போய்விட்டார். மகள் அதே கடைக்கு ஜெர்சியை எடுத்துக்கொண்டு போய் பேரை உரித்துத் தர முடியுமா என்று கேட்டாள். "உரிச்சா பசை தெரியும்மா, அப்படியே போடு" என்றார் அவர். இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் மேட்ச் பார்க்கிறாள், முதுகு தெரியாமல் மேலே துண்டைப் போட்டுக்கொண்டு.

தாபாவைக் குறை சொல்லவில்லை. நல்ல சம்பளம், பெரிய டீம், யாராக இருந்தாலும் போவார். அவருடைய கான்ட்ராக்ட் எப்போது முடிகிறது, கிளப் என்ன செய்கிறது என்று ஒரு வருடம் முன்பே யாராவது எழுதியிருந்தால் நாங்களும் கேட்டிருப்போம் அல்லவா? அதுதான் என் ஆதங்கம். ஃபிஃபா விதிப்படி, ஒரு பிளேயரின் ஒப்பந்தத்தில் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ மிச்சம் இருந்தால் அவர் வேறு கிளப்போடு தாராளமாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம், பழைய கிளப்புக்கு ஒரு பைசா மாற்றுத்தொகை வராது. ஐரோப்பாவில் 1995-இல் பாஸ்மன் என்ற பெல்ஜியம் ஆட்டக்காரர் கோர்ட்டுக்குப் போய் வாங்கித்தந்த சுதந்திரம் இது, அவர்களுக்கு வேண்டியதுதான். ஆனால் கிளப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒன்றரை வருடம் மிச்சம் இருக்கும்போதே நீட்டிப்பதா விற்பதா என்று முடிவு செய்துவிட வேண்டும். கடைசி ஆறு மாதத்தில் பேச உட்கார்ந்தால் வீட்டுக்காரரே வாடகைதாரரிடம் கெஞ்சுகிற கதைதான்.

விற்பதும் தப்பில்லை. இங்கிலாந்தில் பிரைட்டன் என்று ஒரு டீம், மொய்சஸ் கைசெடோவை 2021-இல் சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 2023-இல் செல்சியிடம் 10 கோடி பவுண்டுக்கு மேல் விற்றது. நம்ம ஊரில் அந்தத் தொகையைக் கனவிலும் பார்க்க முடியாது, சரி. ஆனால் விற்பதற்கு முன்பே அந்த இடத்துக்கு ஆளைப் பார்த்துவைக்கிற பழக்கத்துக்குப் பணம் வேண்டாமே.

நம்ம கதை என்ன? 2019-20 சீசனை எடுங்கள். நடுவில் ஓவன் கோயில் என்ற கோச் வந்து, கீழே கிடந்த டீமைத் தூக்கி ஃபைனல் வரை கொண்டுபோனார். லிதுவேனியாக்காரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். சீசன் முடிந்ததும் கோயில் ஜாம்ஷெட்பூர் டீமுக்குப் போனார், பின்னாடியே வால்ஸ்கிஸும் போனார். அடுத்த சீசனில் நம்ம டீம் முழுக்கச் சேர்ந்து 20 மேட்சில் அடித்தது 17 கோல். பதினோரு மேட்ச் டிரா! கோவிட் காலம், வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு டிராவையும் முழுசாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு தண்டனை. பந்து நன்றாகத்தான் போகும், கோலுக்கு முன்னால் பெனால்டி பெட்டிக்குள் போனதும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பி வரும். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் திரும்ப வந்தார், ஆனால் அந்தப் பழைய வால்ஸ்கிஸ் வரவில்லை.

இன்னொன்று. 2018 மார்ச் 17, பெங்களூரு டீமோடு பெங்களூருவில் ஃபைனல். அவர்கள் ஊரிலேயே, அவர்கள் கூட்டத்தின் முன்னாலேயே 3-2 என்று ஜெயித்து வந்தோம். மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகுஸ்டோ ஒன்று. அடுத்த சீசன் என்ன ஆனது தெரியுமா? தோற்ற பெங்களூரு சாம்பியன். ஜெயித்த சென்னை 18 மேட்சில் 9 பாயின்ட் எடுத்து கடைசி இடம். ஒரே வருடத்தில்! பெங்களூரு கோச் ஆல்பர்ட் ரோகா போனபோது அவருக்கு உதவியாளராக இருந்த கார்லஸ் குவாட்ராத்தையே கோச்சாக்கினார்கள். சேத்ரி, மிக்கு, குர்பிரீத் என்று நடுத்தூண் அப்படியே நின்றது. நம்ம பக்கத்தில் கேப்டன் ஹென்ரிக் செரேனோ போனார், நடுவில் ஆடிய தன்பால் கணேஷுக்குக் காயம்.

இங்கே என் வாதத்துக்கு நானே ஒரு குட்டு வைக்க வேண்டும். அன்றைக்கு ஜெயித்த டீமில் பாதிக்கு மேல் ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஜெஜே இருந்தார், தாபா இருந்தார், ஃபைனலில் கோல் அடித்த இருவருமே இருந்தார்கள். அப்படியும் சரிந்தது. ஆளை வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, இல்லாமல் போன இரண்டு பேர் என்ன வேலை செய்தார்கள் என்று புரிந்து அந்த வேலைக்கு ஆள் தேட வேண்டும். செரேனோவுக்குப் பதில் இன்னொரு டிஃபெண்டர் வந்தார். பின்னாலிருந்து கத்திக் கத்தி லைனை நிறுத்தி வைக்கிற வாய் வரவில்லை. இதெல்லாம் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும், ஆறு வரிச் செய்தியில் தெரியாது.

நம்ம டீம் ஆடும் ஐஎஸ்எல்லில், அதாவது இந்தியன் சூப்பர் லீக்கில், களத்தில் ஒரு நேரத்தில் நாலு வெளிநாட்டவர்தான் இருக்கலாம், மற்ற ஏழு பேர் இந்தியர்களாக இருக்க வேண்டும். அப்படியானால் டீமைக் கட்டுவது அந்த ஏழு பேரை வைத்துத்தானே? நாம் எல்லாரும் அந்த நாலு பேரைப் பற்றியே பேசுகிறோம். கொலம்பியாவிலிருந்து வருகிறாரா, ஸ்காட்லாந்திலிருந்து வருகிறாரா, முன்னால் எந்த லீக்கில் ஆடினார், யூடியூபில் அவருடைய கோல் வீடியோ இருக்கிறதா. லெஃப்ட் பேக்கில், அதாவது இடது பக்கத் தடுப்பில், யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நல்ல இந்திய லெஃப்ட் பேக் கிடைப்பது தாம்பரம் லோக்கலில் காலை எட்டரைக்கு சீட் கிடைப்பது மாதிரி. கிடைத்தால் எழுந்திருக்கவே கூடாது. 2024-இல் ஆகாஷ் சங்வானை கோவாவுக்கு விட்டோம். அதே கோடையில் பெரிய கூட்டமாகப் புது ஆட்களை எடுத்தோம், 2024-25 சீசனில் பிளேஆஃப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சின்ன வயதில் பெரம்பூரில் எங்கள் தெரு டீமில் ஆடியவன் நான், எனக்கு இது நன்றாகவே தெரியும். டோர்னமென்ட் என்றால் கடைசி நேரத்தில் வெளியிலிருந்து இரண்டு "கெஸ்ட்" கூட்டி வருவோம். பஸ் காசு, பிரியாணி, ஜெயித்தால் கைச்செலவுக்கு ஏதாவது. வந்தவன் நன்றாகத்தான் ஆடுவான். ஆனால் அவன் எந்தக் காலில் பந்தை வாங்குவான் என்று எங்களுக்குத் தெரியாது, எங்கள் கோல்கீப்பர் பயந்தால் பந்தை எங்கே உதைப்பான் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை ஃபைனலில் எங்கள் கெஸ்டும் எங்கள் ஸ்டாப்பரும் ஒரே பந்துக்குப் போய் மண்டையோடு மண்டை மோதிக்கொண்டு விழ, எதிர் டீம்காரன் நடந்துபோய் கோல் போட்டான். சென்னை அணி ஒவ்வொரு கோடையிலும் கெஸ்ட் கூட்டி வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, கொஞ்சம் விலை உயர்ந்த கெஸ்ட்.

உள்ளூரில் ஆள் இல்லையா என்றால் வியாசர்பாடிக்குப் போய்ப் பாருங்கள். சாயங்காலம் கிரவுண்டில் ஒரே நேரத்தில் நாலு ஆட்டம் நடக்கும், எந்தப் பந்து யாருடையது என்று நமக்குத்தான் குழம்பும், அந்தப் பையன்களுக்குக் குழம்பாது. தன்பால் கணேஷ் அங்கிருந்து வந்தவர்தான், 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஜெஜே இரண்டு, இவர் ஒன்று என்று போட்டு நம்மை ஃபைனலுக்கு அனுப்பியவர். நந்தகுமார் சேகரும் வியாசர்பாடிதான். டெல்லி, ஒடிசா என்று ஆடி, 2023-இல் ஈஸ்ட் பெங்கால் போய், அந்த ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலில் டெர்பியை, அதாவது ஒரே ஊர் டீம்கள் மோதும் ஆட்டத்தை, ஜெயித்துக் கொடுத்தார். கொல்கத்தாவே கொண்டாடியது. கண்டனூர் பையன் சிவசக்தி பெங்களூருவில் பெயர் வாங்கினார். கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர், அப்புறம் கொல்கத்தா. நம்ம பையன் கோல் போட்டான் என்று சந்தோஷப்பட நாம் வேறு மாநிலத்து மேட்சைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் இருந்தார். அவர் காலத்தில் டிரான்ஸ்ஃபர் என்றால் வேலை. ஐசிஎஃப், இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுத்தால் பையன் ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான், டீமும் மாறாது, வீட்டில் அரிசிக்கும் கவலை இல்லை. அந்தக் காலமே நல்லது என்று சொல்ல வரவில்லை, முப்பது வயதுக்கு மேல் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்த நல்ல ஆட்டக்காரர்களையும் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் எட்டு வருடம் சேர்ந்து ஆடிய நாலு டிஃபெண்டர்கள் எப்படி இருப்பார்கள் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

சென்னை சிட்டி என்ற இன்னொரு டீமை மறந்துவிட்டோம், பாருங்கள். கோயம்புத்தூரில் ஆடி, தமிழ்ப் பையன்களோடு சில ஸ்பானிஷ்காரர்களைச் சேர்த்து ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கை 2018-19-இல் ஜெயித்த டீம். பெட்ரோ மான்சி 21 கோல் போட்டார். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பான் போனார், அதற்கு முன்பே எட்வின் வான்ஸ்பால் சென்னையினுக்கு வந்துவிட்டார், அப்புறம் ரோமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கு. இன்றைக்கு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. அது கலைந்த கதையை வரிசையாக எழுதிய ஒரு தமிழ்ப் பேப்பரை நான் பார்க்கவில்லை, உங்களையும் சேர்த்து.

பையன்களை வளர்க்கிற சின்ன கிளப்புகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிளேயரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப் காசு கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. முதல் நாலு வருடத்துக்குக் கால் கால் சதவீதம், அடுத்த எட்டு வருடத்துக்கு அரை அரை சதவீதம். நம்ம பையன் என்றைக்கோ ஒருநாள் வெளிநாடு போனால் வியாசர்பாடியில் அவனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தவர்களுக்கும் பங்கு வரும், முறையாகப் பெயர் பதிந்திருந்தால். பதியாவிட்டால் கையில் இருப்பது பழைய குரூப் போட்டோ மட்டும்தான்.

கிளப் பக்கத்து நியாயமும் உண்டு. 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்தி வைத்தார்கள், லீக்கை நடத்துவதற்கு 2010-இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிகிறது, அடுத்து யார் நடத்துவது என்றே தெரியாது என்ற நிலை அப்போது. லீக்குக்கே நாளைக்கு இடம் இருக்குமா என்று தெரியாதபோது பிளேயருக்கு ஐந்து வருடக் கான்ட்ராக்ட் எவர் கொடுப்பார்? புரிகிறது. அதனால்தான் முழுப் பாவத்தையும் கிளப் தலையில் போடாமல் பாதியை உங்கள் தலையில் போடுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மே மாதமும் சென்னை அணியின் முழுப் பட்டியலைப் போடுங்கள். பெயர், வயது, எந்த இடத்தில் ஆடுகிறார், எந்த வருடம் ஒப்பந்தம் முடிகிறது. கிளப் சொல்ல மறுத்தால் "சொல்ல மறுத்துவிட்டது" என்று அந்தக் கட்டத்தில் போடுங்கள், அதுவும் செய்திதான். இடம் வேண்டுமென்றால் மாட்ரிட் போட்டோவைச் சின்னதாக்குங்கள். ராசிபலனில் மட்டும் கைவைக்காதீர்கள், வீட்டில் அம்மா பேப்பரையே நிறுத்திவிடுவார்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகன்,
சென்னை