ஸ்கேன் நார்மல் என்றாலும் பிறந்த குழந்தையின் வாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அஞ்சாம் மாச ஸ்கேனில் "எல்லாம் நார்மல்" என்று வந்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்காது என்றுதான் எங்கள் வடசென்னைப் பக்கம் நிறைய பேர் நம்புகிறார்கள். என் தங்கைக்கும் தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். பிறந்த பெண் குழந்தைக்கு உதடு, மூக்கு எல்லாம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. சளி என்றார்கள், வேகமாகக் குடிக்கிறாள் என்றார்கள். எடை இறங்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு நர்ஸம்மா டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார், மேல் அண்ணத்தின் பின்பக்கம் பிளந்திருந்தது.

அப்புறம் வீட்டில் நடந்ததுதான் கொடுமை. கிரகணத்தன்று காய் நறுக்கினாயா, வெளியே வந்தாயா என்று பெற்றவளையே போட்டு வறுத்தெடுத்தார்கள். உதடும் அண்ணமும் வயிற்றில் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே சேர்ந்துவிட வேண்டியவை. உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்றுக்கு அப்படிச் சேராமல் போகிறது. பரம்பரை, வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகள், புகை என்று காரணங்கள் பல, பெரும்பாலும் இன்னதுதான் என்று சொல்லவே முடியாது. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அந்த ஸ்கேனில், குழந்தை முகத்தை இந்தப் பக்கம் காட்டினால் உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். கையை முகத்தில் வைத்துக்கொண்டாலோ, முதுகைக் காட்டிக் கிடந்தாலோ, பனிக்குட நீர் குறைவாக இருந்தாலோ அதுவே கஷ்டம். அண்ணம் இன்னும் உள்ளே இருக்கிறது, முகத்து எலும்பின் நிழல் மறைக்கும், நாக்கும் மறைக்கும். உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் 3டி ஸ்கேனிலும் தவறிப்போகலாம். இதற்காக டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "உதடு தெரிந்தது, அண்ணம் சரியாகத் தெரியவில்லை" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுவதில் என்ன நஷ்டம்? அந்த வரி இருந்திருந்தால் பிறந்த அன்றே வாயைப் பார்த்திருப்பார்கள்.

உதட்டுப் பிளவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அதை அம்மாவிடம் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான், குறையைச் சொல்வதை அல்ல. ஆபரேஷன் செய்யும் டாக்டரை பிரசவத்துக்கு முன்பே பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். உதட்டை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், அண்ணத்தை ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் சரிசெய்கிறார்கள். அதுவரை தாய்ப்பாலைப் பீச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அடிக்கடி ஏப்பம் விட வைக்க வேண்டும். என் தங்கை அழுதுகொண்டேதான் இதைப் பழகினாள், முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் நிதானமாகப் பழகியிருப்பாள்.

பிறவிக் குறைகளுக்கான மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் இந்தப் பிளவும் சேர்ந்திருக்கிறது, அதனால் பணத்துக்குப் பயந்து யாரும் தள்ளிப்போட வேண்டாம். பிரசவ வார்டுகளில், அரசோ தனியாரோ, குழந்தையை அம்மா கையில் கொடுக்கும் முன் டார்ச் அடித்து அண்ணத்தின் பின்பக்கம் வரை பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை