ட்ரிப்ஸ் யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய் முற்றியவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றாமல் விடுவது பட்டினி போட்டுக் கொல்வதற்குச் சமம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். போன வருஷம் வரை நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன், அதனால் அவர் மேல் கோபமில்லை.

அம்மாவின் கடைசி இரண்டு வாரம். ஸ்பூனைக் கொண்டுபோனாலே உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு நான் கெஞ்சியதும், புரையேறி அவர் கண்ணில் நீர் வழிந்ததும் இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் சண்டை போட்டு ட்ரிப்ஸ் போட வைத்தேன். மூன்றாம் நாள் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. மூச்சில் களகளவென்று சத்தம்.

அப்புறம்தான் நர்ஸ் ஒருவர் என்னை உட்கார வைத்து விளக்கினார். கடைசிக் கட்டத்தில் பசி தானாகவே அடங்கிவிடுகிறதாம். உடம்பு உருகுவது நோயின் வேலை, எவ்வளவு சத்து கொடுத்தாலும் அது நிற்பதில்லை. ரத்தத்தில் புரதம் குறைந்துவிட்டதால் ஏற்றுகிற நீர் ரத்தக் குழாய்க்குள் தங்காமல் காலிலும் நுரையீரலிலும் கசிகிறது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த நிலையில் இருந்த 129 பேரில் ஒரு பாதிக்குத் தினம் 1 லிட்டர் சலைனும், மறுபாதிக்குச் சும்மா ஒப்புக்கு 100 மில்லியும் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகம் ஏற்றியவர்களுக்கு அவஸ்தையும் குறையவில்லை, ஆயுளும் கூடவில்லை. வாய் வறட்சி பெரும்பாலும் வாயால் மூச்சு விடுவதாலும் மருந்துகளாலும் வருவது, அதற்கு நனைத்த பஞ்சே போதும். அம்மா அந்தப் பஞ்சைச் சப்பினார்.

எல்லாருக்கும் இதே கணக்கு இல்லை, சரி. தொண்டையிலோ குடலிலோ அடைப்பு, மற்றபடி எழுந்து நடமாடுகிறார், இன்னும் பல மாதம் இருப்பார் என்றால் டியூபோ ட்ரிப்ஸோ நிச்சயம் யோசிக்க வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் இரண்டு நாள் ஏற்றிப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்தலாம். ஆரம்பிக்காமல் விடுவதும் ஆரம்பித்ததை நிறுத்துவதும் அறத்தின் கணக்கில் ஒன்றுதான் என்கிறார்கள் மருத்துவ அறவியல் படித்தவர்கள் பலர், ஆனால் "நிறுத்துங்கள்" என்று சொல்ல எனக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது.

என்னை உறுத்துவது அதுகூட இல்லை. பேச்சு தெளிவாக இருந்த நாட்களில் ஒருமுறை, "கடைசியில எனக்கு எதையும் மாட்டிவிடாதே" என்று அம்மாவே ஆரம்பித்தார். "அப்படியெல்லாம் பேசாதேம்மா" என்று நான் எழுந்து போய்விட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மகன் (பெயர் வேண்டாமே)