கார்டு போய்விட்டது என்று சொல்வதற்கு முன்: கொங்கு வட்டாரக் கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில் நண்பர்களுக்கு,

வணக்கம். பல்லடத்தில் 14 ஆண்டுகளாகக் கணினிப் பழுது பார்த்துவரும் நான், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கங்களில் இதே தொழிலில் இருக்கும் உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோளை வைப்பதற்காக இதை எழுதுகிறேன். விளையாட்டு தடுமாறுகிறது என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் திரைக்கான படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டைப் புதிதாக வாங்கும் விலையைச் சொல்லும் முன்னர், அந்த விளையாட்டின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ஒரு 15 நிமிடம் பாருங்கள்.

சென்ற ஆவணியில், சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், பழைய பெட்ஷீட்டில் சுற்றிய சிபியூவை எக்ஸ்.எல். வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, மகனையும் பின்னால் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "ஏனுங்க, கார்டு போயிருச்சுன்னு ஒரு கடையில சொல்லிப்போட்டாங்க. சீட்டைத் தள்ளி எடுத்துப் பணம் கொண்டாந்துட்டனுங்க, நல்ல கார்டாப் பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றார். உள்ளே இருந்தது 2019இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650, நினைவகம் 4 ஜிபி. விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொன்னேன். நேராக நடக்கும்வரை படம் ஒழுங்காக ஓடியது. தெருமுனையில் திரும்பிய கணத்தில் அரை விநாடி உறைந்து நின்று, பிறகு குதித்து நகர்ந்தது. டாஸ்க் மேனேஜரில் கார்டின் தனி நினைவகத்தைப் பார்த்தால் விளிம்புவரை நிரம்பியிருந்தது. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்கள்) அளவு, மிக உயர்ந்த படிகளில் ஒன்றான அல்ட்ராவில் இருந்தது. 8 ஜிபி கார்டு வைத்திருக்கும் நண்பன் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, தன்னுடையதையும் அப்படியே மாற்றியதாகப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். முந்தைய கடையில் அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

அந்தக் கார்டின் முதல் வடிவம் தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 128 ஜிபி வரை எடுக்கக்கூடியது. நினைவகம் நிரம்பி வழிந்தால், மிஞ்சியவற்றைக் கணினியின் பொது நினைவகமான ராமிலிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ 3.0 பாதை வழியாக எடுக்க வேண்டும். அந்தப் பாதையின் உச்ச வேகமோ விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி, அதாவது எட்டில் ஒரு பங்கு. தறிக்காரருக்கு இதை அவர் தொழிலை வைத்தே சொன்னேன்: தறிக்குப் பக்கத்தில் தார்ப்பெட்டி (ஊடைநூல் சுற்றிய தார்க்குச்சிகளை வைக்கும் பெட்டி) நிறைந்துவிட்டதால், ஒவ்வொரு தாருக்கும் குடோனுக்கு நடந்துபோய் வந்தால் துணி எப்படி ஓடும்? அவர் சிரித்துவிட்டார். டெக்ஸ்சரை இரண்டு படி இறக்கினேன். தெருமுனை உறைதல் நின்றது. நிழலை மீடியத்துக்குக் கொண்டுவந்து, வால்யூமெட்ரிக் மூடுபனியையும் (காற்றில் பரவி நிற்பதுபோலக் காட்டும் பனி) குறைத்தபோது, விநாடிக்கு 30க்கும் கீழே தள்ளாடிக்கொண்டிருந்த பிரேம் (கார்டு வரையும் படம்) எண்ணிக்கை 50ஐத் தாண்டி நிலைத்தது. சீட்டுப் பணம் அவர் சட்டைப் பையிலேயே திரும்பிப் போனது.

எந்தச் செட்டிங் எதைத் தின்கிறது என்பது நமக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. டெக்ஸ்சர் பெரும்பாலும் நினைவகத்தைத்தான் தின்கிறது. இடம் போதுமானால், அதை உயர்த்துவதால் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. நிழலுக்காக அதே காட்சியை ஒளி வரும் திசையிலிருந்து இன்னொரு முறை வரைய வேண்டியிருப்பதால், கார்டோடு பிராசசரின் வேலையும் கூடுகிறது. மூடுபனியும் ஒளிக்கற்றையும் பார்வைக்கோட்டின் நீளத்துக்குப் பல இடங்களில் கணக்கிடப்படுவதால், சிறிய கார்டுகளை முதலில் மூச்சுத்திணற வைப்பவை அவைதாம். சாய்வாகத் தெரியும் பரப்புகளைத் தெளிவாக்கும் அனிசோட்ரோபிக் பில்டரிங்கை 16இல் வைத்தாலும் இன்றைய கார்டுகளுக்கு அது சுமையாவதில்லை. அதைக் குறைத்துவிட்டுத் தரையை மங்கலாக்கிப் பயனில்லை. மோஷன் பிளர், பிலிம் கிரெயின் போன்றவை ருசி சார்ந்தவை, நான் அணைத்துவிடுவேன்.

பிரேம்களைத் திரை புதுப்பிக்கும் தாளத்தோடு ஒத்துப்போக வைக்கும் வி-சிங்கை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. கார்டு 18 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், இரட்டைப் பஃபர் முறையில் (ஒரு பிரேம் திரையில் இருக்க, அடுத்த ஒன்றை மட்டும் வரைந்து வைக்கும் முறை) அந்தப் பிரேம் அடுத்த புதுப்பிப்புவரை காத்துக் கிடக்கும். 55 பிரேம் கொடுக்க வல்ல கார்டு திடீரென்று 30க்கு விழுந்துவிடும். வாடிக்கையாளர் கண்ணுக்கு இது பாதி உயிர் போன கார்டாகத் தெரிகிறது. நம்மில் சிலருக்கும் அப்படித் தெரிவதுதான் வருத்தம்.

கார்டிலா பிராசசரிலா சிக்கல் என்பதைக் கண்டுபிடிக்க, ரெசொல்யூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்கினால் போதும். வரைய வேண்டிய புள்ளிகள் 20,73,600இலிருந்து 9,21,600 ஆகக் குறைகின்றன. அப்படியும் பிரேம் எண்ணிக்கை அசையவில்லையென்றால், தடை பெரும்பாலும் பிராசசரிலோ ராமிலோ இருக்கிறது, அங்கே எந்தக் கார்டை மாற்றியும் பயன் இராது. படத்தில் கோடும் கறையும் தெரிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு திரையில் பாருங்கள்: அதில் கறை இல்லையென்றால் குற்றம் கேபிளிலோ மானிட்டரிலோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் கறை வந்தால், அதன் செட்டிங்ஸ் கோப்பையும் டிரைவரையும் சந்தேகிக்கலாம். விண்டோஸ் தொடங்கும் முன்னரே வரும் பயாஸ் திரையிலேயே கறை தெரிந்தால் தாராளமாகக் கார்டைச் சந்தேகிக்கலாம். மானிட்டர் கேபிள் கார்டில் செருகப்படாமல் மதர்போர்டில் செருகப்பட்டிருப்பதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு பழுதும் உண்டு. பல்லடம், சோமனூர், திருப்பூர்ப் பக்கத்துச் சிபியூக்களைத் திறந்தால், பஞ்சுத் தூசி, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் மெல்லிய கம்பளியாகப் படிந்திருக்கும். பொள்ளாச்சியிலிருந்து வருபவற்றில் தென்னை நார்த்தூள். இத்தகைய இயந்திரத்தில் விளையாட்டு முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி, வெப்பம் 80 டிகிரியைத் தாண்டியதும் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே "தொடக்கத்திலிருந்தே தடுமாறுகிறதா, போகப் போகத் தடுமாறுகிறதா?" என்பதுதான் வாடிக்கையாளரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி. போகப் போக என்றால், செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் பிரஷ்ஷையும் புளோயரையும் எடுக்கிறேன்.

இதையெல்லாம் யோக்கியன் என்ற நினைப்பில் எழுதவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, ஒரு கல்லூரி மாணவனுக்குத் தேவையே இல்லாத கார்டு ஒன்றை விற்றிருக்கிறேன். கார்டை மாற்றிய பிறகும் தடுமாற்றம் நிற்காமல் அவன் திரும்பி வந்தபோதுதான், இரண்டு ராம்களில் ஒன்று ஸ்லாட்டில் சரியாக அமரவில்லை என்று கண்டேன். கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அவன் அதன்பிறகு என் கடைப்பக்கம் வரவில்லை.

விளையாட்டை உருவாக்குகிறவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஹை, அல்ட்ரா, எபிக் என்று பெயர் வைக்கிறவர்கள், ஒவ்வொரு செட்டிங்கும் எத்தனை நினைவகத்தைப் பிடிக்கும் என்பதைப் பக்கத்திலேயே காட்டினால் என்ன? சில விளையாட்டுகளில் காட்டுகிறார்கள், பலவற்றில் இல்லை. அவர்கள் நம் பேச்சைக் கேட்கும் தூரத்தில் இல்லாததால், உங்களிடம் வருகிறேன்.

சோதிப்பதற்கு நேரம் செலவாகிறது என்பதும், செட்டிங்கை மாற்றிக் கொடுத்தால் யாரும் காசு தருவதில்லை என்பதும் உண்மைதான். அதற்காகச் சோதனைக் கட்டணம் என்று ஒரு தொகையை வெளிப்படையாக எழுதி வையுங்கள். நான் 250 ரூபாய் வாங்குகிறேன். கார்டு உண்மையிலேயே பழுதாகி, அதை என்னிடம் வாங்கினால் கழித்துக்கொள்கிறேன். பலகையில் எழுதி மாட்டியதிலிருந்து அதைப்பற்றிப் பேரம் பேசியவர்கள் ஓரிருவர்தான். மேலே சொன்ன சோதனைகளை நான் செய்யும் வரிசையிலேயே ஒரு தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகலாம், ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதன் அடியிலேயே எழுதிவிட்டும் போகலாம்.

இப்படிக்கு,
பல்லடத்துக் கணினிப் பழுதுநீக்குநர் ஒருவன்